இருநூற்றுப் பன்னிரண்டு கார்டுகள்

அக்கா,

இன்று காலை கோபோல் புரோகிராம் எழுதும் புதிய தாள்கட்டு ஒன்றைப் பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது கோடுகள்தான். குறைந்திருந்தன. விரல் வைத்து எண்ணினேன். பழைய தாளில் புரோகிராம் எழுத இருபத்து நான்கு கோடுகள் இருக்கும். இதில் பதினொன்று. மீதி இடம் முழுக்கக் கட்டங்கள். எழுதியவர், பார்த்தவர், திரும்பப் பார்த்தவர், சம்மதித்தவர், சம்மதித்தவருக்கும் மேலே இருப்பவர். கட்டத்துக்கு ஒரு கையெழுத்து, ஒரு தேதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். உங்கள் மேசை இருந்த இடத்தில் இப்போது டேப் அடுக்கும் அலமாரி நிற்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது என் கழுத்துக்கு இன்னும் தெரியவில்லை. அது பழைய பக்கமே திரும்புகிறது.

நம் கம்ப்யூட்டர் அறையை நினைத்தால் எனக்குக் கடலுக்கடியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் வரும். வெளியே கிள்ளான் வெயில், யார்டில் கண்டெய்னர் லோரிகளின் புகை. கதவைத் திறந்து உள்ளே வந்தால் குளிர். கார்டு அடிக்கும் மெஷின்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் கேட்காது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் டைப்பிங் பழகிவிட்டு வந்த எனக்கு அந்தச் சத்தம் பெரிய நிம்மதி. பேச வேண்டாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கையெழுத்தில் ஏதாவது புரியவில்லை என்றால், கெட்டுப்போன கார்டு ஒன்றின் பின்பக்கம் கேள்வியை எழுதி உங்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். இரண்டு வாரம் பொறுத்தீர்கள். பிறகு ஒரு நாள் அத்தனை மெஷின் சத்தத்துக்கும் மேலே கத்தினீர்கள்.

“உன்ர வாயை எங்க பிள்ளை, வீட்டில வச்சிட்டு வந்தனியோ? போய் எடுத்துக்கொண்டு வா, பஸ் காசு நான் தாறன்!”

பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள். ஆனாலும் உங்கள் வீட்டின் யாழ்ப்பாணப் பேச்சு உங்களை விட்டுப் போகவில்லை. நான் சிவந்துபோய் நின்றேன். அடுத்த நாளும் கார்டில்தான் எழுதினேன். நீங்களும் பதிலைக் கத்தித்தான் சொன்னீர்கள். இரண்டு வருஷம் நமக்குள் அப்படியே ஓடியது. என் பக்கம் எழுத்து, உங்கள் பக்கம் குரல்.

நம் வேலை என்னவென்று அப்பா கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன். கோபோல் என்பது கம்ப்யூட்டரிடம் வேலை சொல்லும் பாஷை. அக்கா அந்தப் பாஷையில் பென்சிலால் எழுதுவார். அவர் எழுதும் ஒரு வரி எனக்கு ஒரு கார்டு. நான் மெஷினில் அடித்தால் கார்டில் துளை விழும். கம்ப்யூட்டர் துளைகளைப் படிக்கும். “அப்ப நீ ஓட்டை போடுற வேலை,” என்றார் அப்பா. அதுவும் சரிதான்.

ஒரு கார்டை நான் அடித்த பிறகு, சாந்தி அதே தாளைப் பார்த்துச் சரிபார்க்கும் மெஷினில் முதலிலிருந்து மறுபடியும் அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் கார்டின் ஓரத்தில் நகத்தளவு ஒரு வெட்டு விழும். எங்களுக்கு விதிகள் இரண்டே. எழுதியிருப்பதை அப்படியே அடி, யோசிக்காதே. உன் கார்டை நீயே சரிபார்க்காதே. ஒரே கை ஒரே தப்பைத்தான் திரும்பவும் செய்யும்.

காலையில் வரும் புக்கிங் சீட்டுகளை நானும் சாந்தியும் கார்டுகளாக்கி முடித்ததும், உங்கள் புரோகிராம் ஓடும். எந்த லோரி, எந்தக் கண்டெய்னரை, போர்ட் கிள்ளானில் எந்த வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று வரிசைப்படுத்தி அச்சடித்துத் தரும். பதினொன்றரைக்குப் பட்டியல் யார்டுக்குப் போய்விடும். அதில் ஒரு வரி அப்பாவின் லோரி. அந்த எண் அச்சாகும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். என் அப்பா துளைத்துளையாக ஒரு கார்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் கடலோரத்தில் வெளியே வருவது போலிருக்கும்.

அவ்வளவு வேலையையும் செய்த உங்கள் புரோகிராம் இருநூற்றுப் பன்னிரண்டு கார்டுகள். ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஒரு கையில் பிடிக்கலாம். அதிலிருந்து ஒன்றை உருவி, ஒரு மத்தியானம் ஜன்னலுக்கு எதிரே பிடித்தீர்கள். துளைகள் வழியாக வந்த வெயில் உங்கள் கன்னத்தில் பொட்டுப்பொட்டாக விழுந்தது. நான் கார்டைப் பார்க்கவில்லை, கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேல அச்சாகியிருக்கே, வாசி.”

“ஆட் ஒன் டு லோரி கவுண்ட்,” என்றேன். அநேகமாக உங்களிடம் நான் வாய் திறந்து சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

“என்ன விளங்குது?”

“ஒரு லோரி கூட்டணும்.”

“ஓம். இதைப் போய் வாயாடிப் பாஷை எண்டு சொல்லுவினம். ஒரு லோரியைக் கூட்டு எண்டா ஒரு லோரியைக் கூட்டுது. வேற என்ன வேணும் ஒருத்தருக்கு?”

அதற்குப் பிறகு வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை.

சாந்திக்குக் காய்ச்சல், வரவில்லை. சீட்டுகள் வழக்கத்தைவிட அதிகம். நீங்கள் மேலே மீட்டிங்கில் இருந்தீர்கள். பத்தே முக்காலுக்கு என் கார்டுகள் முடிந்துவிட்டன, சரிபார்க்க ஆளில்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். மாடிப்படி ஏறி, ஆண்கள் நிறைந்த அறையின் கதவைத் தட்டி, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்போது பேச வேண்டும். நான் போகவில்லை. சாந்தியின் இடத்தில் நானே உட்கார்ந்து என் கார்டுகளை மறுபடி அடித்தேன். ஒரு சீட்டில் வாசல் எண் ஐந்தா இரண்டா என்று தெரியாமல் கிறுக்கியிருந்தது. முதல் தடவை இரண்டு என்று அடித்திருந்தேன். இரண்டாம் தடவை கை கேட்கவே இல்லை, தானாக இரண்டுக்குப் போனது. கார்டின் ஓரத்தில் அழகாக வெட்டு விழுந்தது.

அது அப்பாவின் லோரி.

அன்று சாயங்காலம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “ரெண்டாம் நம்பர் வாசல்ல நாலு மணி நேரம் நிக்கிறேன். உள்ள விடல. அஞ்சுக்குப் போ, அஞ்சுக்குப் போங்கிறான். நான் சொல்றேன், கம்ப்யூட்டர் லிஸ்டுல ரெண்டுன்னு இருக்கு, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா லான்னு. அஞ்சுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் கிளம்பிருச்சி.” பிறகு என்னைப் பார்த்து, “உங்க கம்ப்யூட்டருக்கு எவன் சோறு போடுறான்?” என்று சிரித்தார். கோபமே இல்லாமல் சிரித்தார். நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கார்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்தேன். ‘இரண்டு தடவையும் நான்தான் அடித்தேன்.’ நீங்கள் படித்தீர்கள். நான்காகக் கிழித்து, துளைத்தூள் விழும் தொட்டியில் போட்டீர்கள்.

“மேனேஜர் மணியத்திட்ட இப்பதான் சொல்லிப்போட்டு வாறன். புரோகிராமில சரிபார்க்கிற வரி இல்லை, என்ர பிழை எண்டு.”

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

“உண்மைதானே? கப்பல் நிக்கிற இடமும் வாசலும் பொருந்துதோ எண்டு புரோகிராம் பார்த்திருக்க வேணும். நாலு கார்டு போட்டாக் காணும். இண்டைக்கே எழுதித் தாறன், அடி.” பிறகு என் மெஷின் மேல் சாய்ந்து, கத்தாமல், நான் காது கொடுத்துக் கேட்கும்படி சொன்னீர்கள். “புரோகிராம் பிழை எண்டு எழுதினா நாளைக்குத் திருத்தலாம். பதினாறு வயசுப் பிள்ளை பிழை எண்டு எழுதினா, அதைத் திருத்தேலாது.”

அன்று மத்தியானமே நாலு கார்டும் தயார். இருநூற்றுப் பதினாறு. வாசல் எண்ணைத் தப்பாக வைத்துப் போட்டுப் பார்த்தோம். புரோகிராம் பிடித்துக்கொண்டது. முடிந்தது என்று நினைத்தோம்.

கோலாலம்பூரில், நம் கேஎல் தலைமை ஆபீஸில், அது அப்போதுதான் ஆரம்பித்தது. டை கட்டிய மூன்று பேர் வந்தார்கள். உங்களிடம் அரை மணி பேசினார்கள். அடுத்த மாதம் புது விதிகளோடு ஒரு புத்தகம் வந்தது. எங்கள் மேனேஜர் மிஸ்டர் மணியம் அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தபோது உங்கள் மேசை ஆடியது.

“ஒரே புரோகிராம்ல எல்லாம் நடந்தா யாரு பொறுப்புன்னு தெரியல லா. இனிமே பதினொன்னா பிரிக்கணும். ஒவ்வொன்னு முடிஞ்சதும் ஒரு டேப், ஒரு சீட்டு, ஒரு ஆபீசர் கையெழுத்து. அப்புறம்தான் அடுத்தது.”

“பதினொரு பேர் பொறுப்பு எண்டா ஒருத்தரும் பொறுப்பில்லை, பாஸ்.”

“என்னைப் போட்டு ஏம்மா வாங்குற? மேல இருந்து வந்திருக்கு. புக்கே போட்டுட்டான் பாரு.”

மணியம் கெட்டவர் இல்லை. மேலே இருந்து எது வந்தாலும் குனிந்து கும்பிடுகிறவர், அவ்வளவுதான். நீங்களே உட்கார்ந்து உங்கள் புரோகிராமைப் பதினொன்றாக வெட்டினீர்கள். நான் அடித்தேன். இரண்டு மாதம், நான்கு பெட்டிக் கார்டுகள். ஒரு வரி எழுதினால் அது ஏன், யாருக்காக, யார் அனுமதித்தது என்று விளக்கக் கார்டுகள் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். ஆட் ஒன் டு லோரி கவுண்ட் என்ற அந்தக் கார்டையும் அடித்தேன். அதன் முன்னால் ஒன்பது விளக்கங்கள். லோரியைக் கூட்டுவதற்கு மட்டும் தனியாக ஒரு புரோகிராம், அதற்கு ஒரு டேப், அதற்கு ஓர் ஆபீசர்.

பட்டியல் பதினொன்றரைக்கு வருவது நின்றது. மூன்று மணி ஆகும். சில நாள் நான்கு. யார்டில் லோரிகள் வெயிலில் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் எங்கிருந்தோ கோபோல் என்ற பெயரைப் பிடித்துவிட்டார்கள். பிடித்து, அதை ஓர் ஆளாக்கிவிட்டார்கள்.

“ஏ கோபாலு! எந்திரிச்சிட்டியா, இல்ல இன்னும் படுக்கையிலதானா?” என்று ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துவார்கள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது எனக்கு மறக்கவில்லை.

“பாவம் அவன். பதினொரு கம்பளிக் கோட்டை மாட்டி வெயிலில நடக்க விட்டிருக்கினம். பிறகு வேர்க்கிறான் எண்டு சிரிக்கினம்.”

அதற்கு ஐந்து வாரம் கழித்து உங்களுக்குக் காய்ச்சல். கொசு கடித்து வரும் டிங்கி என்றார்கள். ஒன்பதாம் நாள் சாந்தி அழுதுகொண்டே வந்தாள். நான் மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த தாளை முடித்தேன். அன்று என்ன அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தேன். ரயில் போகும்போதெல்லாம் உங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. உங்கள் அம்மா என் கையைப் பிடித்து, “நீயோ அந்தக் கார்டில எழுதிற பிள்ளை? உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்,” என்றார். அந்த நிமிஷம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வாழை இலையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது அறைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். காலேஜ் முடித்த புரோகிராமர்கள், ஒரு பையன், ஒரு பெண். நல்ல பிள்ளைகள்தான். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பதினொன்றில் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

“ஒரு லோரியைக் கூட்ட ஒரு பொட்டி கார்டா? இதெல்லாம் ஒரு பாஷையா லா?” என்பான் அவன்.

“கோபோல்னாலே அப்படித்தான். இழுத்து இழுத்துப் பேசும். வேற பாஷைக்கு மாறணும், இல்லாட்டி நம்ம மூளையும் இப்படித்தான் ஆயிடும்,” என்பாள் அவள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பார்த்தது அதைத்தான். உங்கள் கையில் ரப்பர் வளையம் போட்டு இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. ஒரு பாஷைக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்பது அதை எழுதியவர் கையில் மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. எழுதச் சொல்பவர், கையெழுத்துப் போடுபவர், பயப்படுபவர், எல்லாருமாகச் சேர்ந்துதான் அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். அப்படிப் பெயர் வைத்தவர்களில் நானும் ஒருத்தி, ஒரே ஒரு விரலால்.

இன்னொன்றும் தெரியும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மணியை ஒரு நீளக் காகிதத்தில் அடித்துக்கொண்டே போகும். அந்தக் காகிதங்களை மடித்து வைப்பது என் வேலை. போன வாரம் ஒரு நாளைய காகிதத்தைக் கூட்டிப் பார்த்தேன். பதினொரு புரோகிராமும் ஓடியது மொத்தம் பத்தொன்பது நிமிஷம். மீதி மூன்று மணி நேரமும் கோபோல் சும்மா நின்றிருக்கிறது. சீட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஆபீசர் சாப்பிடப் போயிருந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நான் சொன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சொல்ல வேண்டும். வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. நாலு மணி நேரம் வெயிலில் நின்றது யாரால் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே கேட்டாரே, அந்த முகம் என்ன ஆகும் என்று நினைப்பேன், நினைத்துக்கொண்டே கார்டுகளை அடுக்குவேன்.

இன்று மத்தியானம் மணியம் கூப்பிட்டார். டைப்பிஸ்ட் லீவு. ரிப்போர்ட் ஒன்று நாளைக்குக் கேஎல் போக வேண்டும், சுத்தமாக அடித்துத் தா என்றார். “நீதான் நல்லா வேகமா அடிப்பியே.” அவர் கையெழுத்தில் ஏழு பக்கம். முதல் பக்கம் அடித்தேன், இரண்டாம் பக்கம் அடித்தேன். வழக்கம்போல் கை மட்டும் வேலை செய்தது, நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் உங்கள் பெயர் வந்தது. முழுப் பெயர், உங்கள் அப்பா பெயரோடு.

கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டதிலிருந்து இன்றைய தாமதம் வரை எல்லாவற்றுக்கும் வேர் இரண்டு என்று எழுதியிருந்தது. ஒன்று, கோபோல் மொழியின் பலவீனம். மற்றொன்று, காலமான புரோகிராமர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிழை. இந்தப் பக்கம் கேஎல்லில் ஒரு கோப்புக்குள் போய்விட்டால் அதுதான் உங்களைப் பற்றி மிஞ்சும். பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். திருத்த நீங்கள் இருக்கப்போவதில்லை.

எழுதியிருப்பதை அப்படியே அடி, யோசிக்காதே. இரண்டரை வருஷமாக என் கைக்கு அதுதான் தெரியும். உங்கள் பெயரின் முதல் எழுத்துக்கு மேல் விரல் நின்றது. கீழே இறங்கவில்லை.

தாளை டைப்ரைட்டரிலேயே விட்டுவிட்டு எழுந்து மாடிப்படி ஏறினேன். கதவைத் தட்டினேன். உள்ளே மணியமும் கேஎல்லிலிருந்து வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

“இல்ல பாஸ். மூணாம் பக்கம் தப்பு. அதை அடிக்க மாட்டேன்.”

“எது தப்பு?”

“அந்த ரெண்டாம் நம்பர் வாசலை அடிச்சது நான். சரிபார்த்ததும் நான்தான்.”

அவர் வெளியே போ என்பதுபோல் கையைக் காட்டினார். நான் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.